வேலிப்பக்கம் திரும்பிய வரிசை

நொச்சிப்புட்டி முகாமில் தண்ணீர்க் கலன்கள் தாமாக நகரத் தொடங்கியபோது அதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் யாருமில்லை. அந்த நேரம் நல்ல வெயில், பவுசர் லொறி வந்து தண்ணீர்த் தாங்கியை நிரப்பிவிட்டுப் போயிருந்தது, பைப்படியில் தொடங்கிய வரிசை தறப்பாள் கொட்டில்களைச் சுற்றி வளைந்து கிளினிக் வாசல்வரை கிடந்தது, சனமோ கலன்களை வரிசையில் வைத்துவிட்டு நிழல் கண்ட இடத்தில் குந்தியிருந்தது. முன்னால் ஒரு கலன் நிரம்பி எடுபட, அதற்குப் பின்னால் இருந்தது ஓரடி முன்னே வந்து நின்றது. அதற்குப் பின்னால் இருந்தது அதன் இடத்துக்கு வந்தது. அப்படியே வால்வரை எல்லாம் ஒவ்வோர் அடி ஊர்ந்து நகர்ந்தன. காற்றில்லை, சரிவில்லை, காலால் தள்ள ஆளுமில்லை. மகளின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "நல்லதாப் போச்சு, இனி எழும்பத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அந்த வலயத்தின் தண்ணீர்ப் பொறுப்பு சுபோதினியிடம் இருந்தது. அவளும் இடம்பெயர்ந்து வந்தவள்தான். நிவாரண நிறுவனத்துக்காரர் முகாமுக்குள்ளேயே ஆள் தேடியபோது, உயர்தரத்தில் கணக்குப் படித்தவள் என்பதற்காகவும், அதைவிடத் தொண்டை பெரியது என்பதற்காகவும் அவளைப் பிடித்து ஒரு நீல மேலங்கியும் ஒரு விசிலும் கொடுத்திருந்தார்கள். வரிசையில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் போதும், யாராவது ஒருவர் தன் கலனைச் செருகிவிடுவார், பிறகு மயிர்பிடிச் சண்டைதான். அதனால் நாள் முழுக்க வரிசை நெடுக நடந்து, விலகி நிற்கிற கலன்களைக் காலால் தள்ளித் தள்ளி நெருக்கிவிடுவதே அவளுடைய உத்தியோகமாக இருந்தது. கலன்கள் தாமாக நகரத் தொடங்கியதும் அந்த வேலை பாதியாகக் குறைந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான். ஏன் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். ஷெல்லுக்கும் பட்டினிக்கும் தப்பி வந்த சனத்திடம் போய், ஒரு பிளாஸ்டிக் கலன் நகருகிறதே, ஆச்சரியப்பட மாட்டீர்களா என்று கேட்டால் அவர்கள் நம்மைத்தான் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது ஓர் அக்கா மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் வருகிற வழியில் ஒரே பதுங்குகுழியில் போனார்கள். அக்கா கௌசலாவின் புருஷன் இரவீந்திரன், கடைசி நாட்களில், பக்கத்து வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிவருகிறேன் என்று போனவர், போனவர்தான். செத்தார் என்று சொல்ல ஒரு உடம்பில்லை, இருக்கிறார் என்று சொல்ல ஒரு செய்தியில்லை. கௌசலா சாப்பிடுவாள், சமைப்பாள், கேட்டால் பதில் சொல்வாள், ஆனால் கண் மட்டும் எப்போதும் யாரோ வருகிற பாதையிலேயே இருக்கும். இவளும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே ஒரு பயத்தை நீல மேலங்கிக்குள் வைத்துக்கொண்டுதான் சுபோதினி முகாம் முழுக்க விசில் ஊதித் திரிந்தாள்.

சனம் கெட்டிக்காரச் சனம். கலன் நகரும் என்று தெரிந்ததும் அதைத் தண்ணீருக்கு மட்டும் வைத்திருப்பது வீண் என்று கண்டுகொண்டது. நிவாரணம் கொடுக்கிற இடத்தில் கலன், கிளினிக்கில் கலன், தொலைபேசிக் கொட்டிலில் கலன், வெளியே போக அனுமதி எழுதுகிற மேசைக்கு முன்னால் கலன். எது யாருடையது என்ற குழப்பமும் இல்லை. பிடியில் ஒரு துணிக்கீலம் கட்டியிருக்கும், அவரவர் சேலையிலோ சாரத்திலோ கிழித்தது. ஒருவர் வரிசைக்குப் போனால் தன்னுடைய கலனோடு தன் ஆட்களுக்கும் சேர்த்து வைத்துவிட்டு வருவதும் வழக்கமாயிற்று. இல்லாவிட்டால் பிறகு வீட்டில் ஏச்சு வாங்க வேண்டிவரும். கலன்கள் வரிசையில் நிற்க, மனிதர்கள் தாயம் ஆடினார்கள், தலைமயிர் வெட்டினார்கள், இரண்டு கலியாணமும் பேசி முடித்தார்கள். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பரராசசிங்கம் ஒருவர்தான் தன் கலனுக்குப் பக்கத்திலேயே குடையோடு நிற்பார். "வரிசையில நிக்கிறதும் ஒரு சீவியம்தான் பிள்ளை, அதையும் கலனிட்டக் குடுத்திட்டு நான் என்ன செய்யிறது?" என்பார்.

பிறகு ஒரு காலையில் சுபோதினி பைப்படிக்கு வந்தபோது பைப்படியில் ஒரு கலன்கூட இல்லை. எல்லாம் திரும்பியிருந்தன. வரிசை அப்படியே இருந்தது, ஒழுங்காக, நெருக்கமாக, ஆனால் அதன் தலை இப்போது கடைசி மலசலகூடங்களுக்கும் பின்னால், முட்கம்பி வேலியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பற்றைக்காடு. அதில் மண்டையோடு கீறிய சிவப்பு மிதிவெடிப் பலகைகள் சில நட்டிருந்தன, அதற்கு அப்பால் வீரை மரமும் பாலை மரமும் இருட்டிக்கொண்டு நின்றன. பைப்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிடிக்க ஆளில்லாமல் மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கியில் எந்த அறிவித்தலும் வரவில்லை. ஆனால் முகாமில் இருந்தவர்களுக்கு ஒரு பாடம் எலும்புவரை ஏறியிருந்தது: வரிசையைக் கண்டால் முதலில் சேர வேண்டும், எதற்கென்று பிறகு கேட்க வேண்டும். எதற்கென்று கேட்டுவிட்டுச் சேர்ந்தவர்களுக்குச் சவர்க்காரம் கிடைத்ததில்லை, பால்மா கிடைத்ததில்லை, பாய் கிடைத்ததில்லை. ஆகவே மத்தியானத்துக்குள் அக்கம்பக்கத்து வலயத்தாரும் கலனோடு ஓடிவந்தார்கள்.

"என்னத்துக்காம் அண்ணை?"

"தெரியேல்லை. வைச்சிட்டு வாங்கோ, பிறகு கேப்பம்."

முதல் கலன் தையல்கார மரியநாயகியுடையது. அது வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தது, பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. கம்பி அறவில்லை, யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பற்றைகளுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. இங்கே வரிசை ஓரடி நகர்ந்தது. யாரோ போய் மரியநாயகியிடம் சொல்லலாம் என்று கொட்டிலுக்குப் போனால் அவளைக் காணவில்லை. பாதி தைத்த சட்டையில் ஊசி குத்தியபடி இருந்தது, குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது. "அவவின்ர முறை வந்திட்டுது" என்றார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது. அடுத்தடுத்து முறை வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னார்கள். செத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை, பிழைத்தார் என்றும் சொல்லவில்லை. "அங்கால போட்டினம்", அந்தப் பக்கம் போய்விட்டார்கள், என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அங்கால என்றால் சொந்த ஊர் என்றார்கள் சிலர், கடல் கடந்து ஒரு தேசம் என்றார்கள் சிலர், காணாமற்போன எல்லோரும் ஒன்றாக இருக்கிற இடம் என்று கொஞ்சப்பேர், அதுவும் பெண்கள், மெல்லச் சொன்னார்கள். கண்ணால் கண்டவர் எவருமில்லை என்பதால் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கவும் இல்லை. வேலியோரம் யாரோ ஒரு பிள்ளையார் கல்லை வைத்தார்கள், யாரோ அதன் பக்கத்தில் மாதா படம் ஒன்றைச் சாத்தினார்கள், வரிசையின் நடுவில் ஒரு தேநீர்க் கொட்டில் முளைத்தது. சின்னப் பிள்ளைகள் சிரட்டைகளை வரிசையாக அடுக்கி விளையாடினார்கள். முன்னால் கலன் உள்ளவர்களுக்கு மரியாதை கூடியது.

நிறுவனம் கூட்டம் வைத்தது. முகாம் முகாமையாளர் அன்ரன் சேர் நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர், எதையும் கூட்டம் வைத்தே தீர்க்கலாம் என்று நம்புகிறவர். இந்த வரிசை எந்தப் பிரிவின் பொறுப்பு என்பதுதான் அவருக்குத் தலையிடி. கலனில் தண்ணீர் இல்லாததால் எங்களுடையதில்லை என்றது தண்ணீர்ப் பிரிவு. கூரை இல்லாததால் எங்களுடையதில்லை என்றது கொட்டில் பிரிவு. முறைப்பாடு ஒன்றும் வராததால் எங்களுடையதில்லை என்றது பாதுகாப்புப் பிரிவு. கடைசியில், வரிசை என்றால் சுபோதினிதானே என்று அவள் தலையில் கட்டினார்கள். அவளும் கட்டியதைச் செம்மையாகச் செய்தாள், அது அவளுடைய சுபாவம். தகரம் கேட்டு வாங்கி வரிசைக்கு மேல் கூரை போட்டாள். குடிதண்ணீர் வைத்தாள். கர்ப்பிணிகளுக்கும் வலுவிழந்தோருக்கும் முன்னுரிமை என்று ஒரு தனி வரிசை பிரித்தாள். இடையில் செருகக் கூடாது, வெளியே எடுத்த கலனுக்கு இடம் போய்விடும், அவரவர் கலனை அவரவரே எடுக்க வேண்டும், மற்றவர் கைவைக்கக் கூடாது என்று விதி செய்து பலகையில் எழுதித் தொங்கவிட்டாள். வெளிநாட்டிலிருந்து பார்க்க வந்த குழு அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. இவ்வளவு ஒழுங்கான வரிசையைத் தாங்கள் எந்த முகாமிலும் கண்டதில்லை என்று அன்ரன் சேரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனது. கொட்டில்களில் நெரிசலும் குறைந்தது. காலியான கொட்டில்களுக்குப் புதிய குடும்பங்கள் வந்தன, வந்து பாயை விரிக்குமுன்னே கலனை வைத்துவிட்டு வந்தன. இதையெல்லாம் செய்தவர்கள் கொடியவர்கள் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கூரை போட்டு முடிந்த பிறகுதான் சுபோதினி போனவர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாள். காவலரணில் நின்ற சிப்பாயிடம் போய், அங்கால என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவன் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்; இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறான் என்பதை அன்றுதான் கவனித்தாள். "நமக்குத் தெரியாது அக்கே. அந்தப் பக்கம் பாக்க வாணாம். வரிசை நல்லம்" என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு அவன் வேறெங்கோ பார்த்தான். அன்ரன் சேரிடம் போனாள்.

"சேர், போன ஆக்கள் எங்கை?"

"ஆரும் முறைப்பாடு தந்தவையே?"

"இல்லை சேர்."

"பிறகென்ன சுபோதினி?"

"முறைப்பாடு தரவேண்டிய ஆக்கள்தானே சேர் போட்டினம்."

அன்ரன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் இதை எடுப்போம் என்றார். அவருடைய மேசைக்குக் கீழே, காலடியில், ஒரு கலன் இருந்தது. பிடியில் அவருடைய கழுத்துப்பட்டியிலிருந்து கிழித்த கீலம் கட்டியிருந்தது. வரிசையில் வைக்கக் கொண்டுபோக நேரம் பார்த்திருக்கிறார் போல. சுபோதினி கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தாள். அன்றைக்கு அவளுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

வெளியே வந்தவள் வரிசையின் தலைப்பக்கம் நடந்தாள். அங்கே, வேலிக்குக் கிட்ட, செம்மஞ்சளில் கறுப்புக் கரை போட்ட ஒரு துணிக்கீலம் கட்டிய கலன் இருந்தது. அந்தச் சேலையை அவளுக்குத் தெரியும். கௌசலாவின் கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்தது. பதுங்குகுழி பதுங்குகுழியாகக் காவிவந்தது. இவ்வளவு முன்னால் இருக்கிறதென்றால் வரிசை திரும்பிய அன்றைக்கே வைத்திருக்க வேண்டும். நாள்தோறும் இதைக் கடந்துதான் விசில் ஊதிப் போயிருக்கிறாள்.

கொட்டிலுக்கு ஓடினாள். கௌசலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன்ர கலன் வேலியடியில என்ன செய்யுது?"

"எல்லாற்ற கலனும் என்ன செய்யுதோ, அதைத்தான்."

"உனக்கென்ன விசரே? போன ஒரு சனமாவது திரும்பி வந்ததே?"

"வரேல்லை எண்டால் அங்க நல்லா இருக்கெண்டுதானே அர்த்தம்?"

"வர ஏலாது எண்டும் அர்த்தம்."

கௌசலா ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தாள். "அவர் அங்கால நிக்கிறார் சுபோ. தண்ணிக்கெண்டு போனவர், வரிசை நீளமாக்கும், அதுதான் பிந்துது எண்டு நான் எத்தினை நாள் எனக்கு நானே சொல்லியிருப்பன். இப்ப பார், வரிசை உண்மையாவே இருக்கு."

"நான் இஞ்ச நிக்கிறன் அக்கா." சுபோதினியின் பெரிய தொண்டையிலிருந்து சின்னப்பிள்ளைக் குரல் வந்தது. "அத்தான் எங்க நிக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது. நான் இஞ்ச, உனக்கு முன்னால நிக்கிறன். என்ர கண்ணுக்கு நீ மட்டும்தான் மிச்சம். எடு அந்தக் கலனை. நான் எடுக்கக் கூடாது, என்ர விதி அது. நீயே போய் எடு."

கௌசலா சுளகைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். நெடுநாளுக்குப் பிறகு அவள் கண் பாதையை விட்டு ஓர் ஆளைப் பார்த்தது.

"விசரி. உன்னை விட்டிட்டுப் போவனே நான்?"

அந்த ஒரு வார்த்தையில் சுபோதினிக்கு மலையளவு பாரம் இறங்கியது. அக்கா போய் எடுத்துவிடுவாள் என்று நம்பினாள். நம்பிக்கொண்டு மறுநாள் காலை தண்ணீர்ப் பவுசரோடு மல்லுக்கட்டிவிட்டு, மத்தியானம் போல வேலியடிக்கு வந்தால், செம்மஞ்சள் கீலம் கட்டிய கலன் வரிசையின் முதலாவது இடத்தில், கம்பியில் மூக்கு முட்ட நின்றுகொண்டிருந்தது.

அவள் யோசிக்கவில்லை. விதியும் மறந்தது, பலகையும் மறந்தது, மேலங்கியும் மறந்தது. பாய்ந்து பிடியைப் பற்றி இழுத்தாள். வெறுங்கலன், ஆனால் ஊர்க்கிணற்றையே உள்ளே வைத்திருப்பது போலக் கனத்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ இழுப்பது போலிருந்தது. அவசரமில்லாமல், நிதானமாக, கிடைத்தே தீரும் என்று தெரிந்த ஒருவருடைய இழுவை. காலைக் கம்பித்தூணில் உதைந்துகொண்டு, "விடு, விடு" என்று யாருக்கென்று தெரியாமல் கத்தி, கை கிழிய இழுத்தாள். கலன் கழன்று வந்தது. அவள் அதைக் கட்டிப்பிடித்தபடி புழுதியில் மல்லாந்து விழுந்தாள். காட்டுக்குள் ஏதோ ஒன்று இழுத்த மூச்சை விடாமல் நின்றது.

அப்போது, முதல்தடவையாக, வரிசை நகரவில்லை.

முதலிடம் காலியாகக் கிடந்தது. அடுத்து நின்றது பச்சைத் துணி கட்டிய ஒரு கலன், அது அசையவில்லை. அதற்குப் பின்னால் உள்ளவை அசையவில்லை. தகரக் கூரையின் கீழே, கொட்டில்களைச் சுற்றி, கிளினிக்கையும் தாண்டி, கண்ணுக்கெட்டாத தூரம்வரை எல்லாக் கலன்களும் நின்றுவிட்டன. நிழலில் படுத்திருந்த சனம் ஒவ்வொன்றாக எழும்பியது. தாயம் ஆடினவர்கள் சோகியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு முணுமுணுப்பு வாலிலிருந்து தலையை நோக்கி வந்தது. அந்த ஒலியைச் சுபோதினிக்குத் தெரியும்; அது கைகலப்புக்கு முன்னால் வருகிற ஒலி, அதைக் கேட்டால் உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அவளுக்கு விசில் கொடுத்திருந்தார்கள்.

பச்சைத் துணிக் கலனுக்கு அடுத்ததாகத் தன் கலனோடு நின்ற பரராசசிங்கம் குடையை நீட்டிக் காட்டினார். "பிள்ளை, இடைவெளி! இடைவெளி கிடக்குது, பாரும்!"

அவளுடைய கால் தானாக எழுந்தது. ஆயிரம் கலன்களைத் தள்ளிப் பழகிய கால் அது. யாருடைய கலன் என்று பார்க்கவில்லை, பார்க்கிற பழக்கமும் இல்லை. பச்சைத் துணிக் கலனை ஒரு தள்ளுத் தள்ளி வேலியோடு நெருக்கிவிட்டாள். அது அவளுடைய கால் படுவதற்காகவே காத்திருந்தது போல வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றது. காட்டுக்குள் நின்றிருந்த மூச்சு வெளியே வந்தது. இலையெல்லாம் ஒருதரம் அசைந்து ஓய்ந்தன. பரராசசிங்கத்தின் கலன் முதலிடத்துக்கு வந்தது. வரிசை முழுக்க ஓரடி நகர்ந்தது. சனம் திரும்பவும் படுத்துக்கொண்டது.

அக்காவின் கலனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுபோதினி சிரித்துச் சிரித்து ஓடினாள். வழியில் கண்டவர்கள் விலகி வழி விட்டார்கள். உள்ளங்கையில் இரத்தம் வடிந்தது, அது அவளுக்கு உறைக்கவே இல்லை. கௌசலா அப்போதுதான் ரொட்டியைத் தட்டி, முதலாவதைத் தாய்ச்சியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்திட்டன் அக்கா! ஏசு, அடி, என்னவும் செய். என்ர விதியை நானே முறிச்சு எடுத்திட்டன்."

கௌசலா கலனைப் பார்த்தாள். ஏசவில்லை. தங்கைக்குப் பின்னால் வாசலில் எதையோ தேடினாள்.

"மற்றது எங்கை?"

"எந்த மற்றது?"

"எனக்குப் பின்னால வைச்சது." கௌசலாவின் குரல் மெல்ல மெல்லக் கம்மியது. "உன்னை விட்டிட்டுப் போவனே எண்டு சொன்னனான்தானே. உனக்கும் சேத்துத்தான் அண்டைக்கே வைச்சனான். உன்ர பழைய பச்சைச் சட்டையைக் கிழிச்சுக் கட்டினது. ரெண்டையும்தானே எடுத்தனி? சுபோ, ரெண்டையும்தானே?"

சுபோதினி தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். செருப்பின் முனையில் கலனின் அடிமண் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

கௌசலாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கையிலிருந்த ரொட்டி அடுப்புக்குள் விழுந்தது. "எவ்வளவு நேரம்? எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டுத் தங்கையின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். சுபோதினி தனக்கு அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பயம் வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. வேலியடியில் செய்ய வேண்டிய வேலை ஏதோ மிச்சம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பது போல ஓர் எண்ணம் மட்டும் மெதுவாக, பிடித்தமானதாக, உள்ளே வந்து உட்கார்ந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று விளங்கியபோதுதான் அக்காவின் முகத்தை ஒருதரம் நன்றாகப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் கௌசலா அங்கே இல்லை. செம்மஞ்சள் கீலம் கட்டிய கலனைத் தூக்கிக்கொண்டு, தலைவிரி கோலமாக, வரிசையின் வாலைத் தேடி ஓடிக்கொண்டிருந்தாள். "கடைசி எங்கை? ஐயோ, கடைசி ஆள் ஆர்?" என்று வழியெல்லாம் கேட்டாள். கையை நீட்டிக் காட்டினார்கள்: கிளினிக்குக்கும் அங்கால, நிவாரணக் கொட்டிலுக்கும் அங்கால, முன் வாசலுக்கும் வெளியே, இன்று காலை வந்திறங்கிய சனத்துக்கும் பின்னால்.

"அக்கா!" என்று சுபோதினி தன் முழுத் தொண்டையையும் திறந்து கூப்பிட்டாள்.

வலயம் முழுக்கக் கேட்கிற குரல் அது. நிழலில் இருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.